மார்பிள் என்றே சொன்னார்

எங்கள் வீட்டுச் சமையல் மேடையில் இரண்டு வகைக் கல் பதித்திருக்கிறது. அடுப்புப் பக்கம் வெள்ளை மார்பிள். பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம், சாம்பல் நிறத்தில் கறுப்புப் புள்ளி தெளித்த கிரானைட். இரண்டும் என் கணவர் வேலை பார்த்த கடையில் மிஞ்சிய துண்டுகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே தூக்கி வந்து, அளவெடுத்து, பின்வாசலில் வைத்து வெட்டி, இணைப்பில் நகம்கூட நுழையாதபடி ஒட்டினார். வீட்டுக்கு வருகிறவர்கள் ஏன் இரண்டு நிறம் என்று கேட்பார்கள். டிசைன் என்று சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

அந்த மேடையில் சமைத்துச் சமைத்துத்தான் இரண்டு கல்லுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரிந்தது. மார்பிள்மேல் எலுமிச்சம்பழத்தை நறுக்கி வைத்துவிட்டு மறந்துபோனால் அந்த இடத்தில் பளபளப்பு போய்விடும். புளித்தண்ணீர் சிந்தினாலும் அப்படித்தான். எவ்வளவு தேய்த்தாலும் அந்தத் தழும்பு போகாது. கிரானைட்டில் எதைக் கொட்டினாலும் ஒன்றும் ஆகாது, ஒரு துணியால் துடைத்தால் போதும். அதனால் கிரானைட் நல்ல கல், மார்பிள் நோஞ்சான் கல் என்று நினைத்திருந்தேன். கடையில் இருந்த எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

கடை ஜொகூரில் பெர்மாஸ் ஜெயா பக்கம், பட்டறைகள் வரிசையாக இருக்கும் ஒரு தெருவில் இருந்தது. நாங்கள் மாசாயில் இருக்கிறோம். அவர் மோட்டார் சைக்கிளில் போய் வருவார். பெயர்ப் பலகையில் மார்பிள் என்று எழுதியிருந்ததால் எல்லாருக்கும் அது மார்பிள் கடை. உள்ளே வெட்டுவது பெரும்பாலும் சமையல் மேடைக்கான கிரானைட். கல்லை அவர்கள் வேறு எப்படியும் பிரிக்கவில்லை. வெள்ளைக் கல், கிரானைட், அவ்வளவுதான்.

புதிதாக வேலைக்குச் சேருகிறவனை வெள்ளைக் கல்லில் போடுவார்கள். அது மாவுபோலப் பறக்கும். தலைமுடி, புருவம், கண் இமை எல்லாம் வெள்ளையாகிவிடும். அப்படி வருகிறவனைப் பார்த்து, தைப்பூசத்துக்கு இன்னும் நாள் இருக்கு சாமி, அதுக்குள்ள பூசிக்கிட்டு வந்துட்டீங்களே என்பார்களாம். அதனால் வெள்ளைக் கல் வெட்டுகிறவனுக்குச் சாமி என்றே பெயர். கை பழகிய பிறகு அவனைக் கிரானைட்டுக்கு மாற்றுவார்கள். அன்றைக்கு அவன் எல்லாருக்கும் ரொட்டி சானாயும் தே தாரேக் டீயும் வாங்கிக் கொடுக்க வேண்டும். சாமி குளிச்சிட்டாரு என்று சொல்லிக்கொண்டே சாப்பிடுவார்கள். என் கணவர் குளித்த நாளில் எனக்கும் ஒரு ரொட்டியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தார்.

கடை முதலாளி தவுக்கே ஒரு பெட்டி மாஸ்க் வாங்கி வெள்ளைக் கல் பக்கம் ஆணியில் மாட்டி வைத்திருந்தார். கிரானைட் பக்கம் பெட்டி கிடையாது. யாரும் கேட்கவும் இல்லை. கிரானைட் வெட்டும்போது யாராவது மாஸ்க் போட்டால், என்ன, இன்னும் குளிக்கலையா என்று கேலி செய்வார்கள். கண்ணுக்குத் தெரிகிற தூசிக்குத்தான் பயந்தார்கள்.

கடையில் கிரானைட்டை இயந்திரம் தண்ணீர் விட்டு வெட்டும். ஆனால் மேடையைப் பதிக்கிற வேலை வாடிக்கையாளர் வீட்டில் நடக்கும். தொட்டிக்கும் அடுப்புக்கும் ஓட்டை போடுவது அங்கேதான். தண்ணீர் பட்டால் அலமாரிப் பலகை உப்பிவிடும் என்பதால் கையில் பிடிக்கிற கிரைண்டரை வைத்துக் காய்ந்தபடியே அறுப்பார்கள். ஹாலுக்குத் தூசி போகக்கூடாது என்று வீட்டுக்காரர்கள் சமையலறைக் கதவைச் சாத்தச் சொல்வார்கள். ஜன்னலையும் சாத்தச் சொல்கிறவர்கள் உண்டு. என் கணவர் ஓட்டை போடுவதில் கெட்டிக்காரர். ஓரம் ஒரு இடத்திலும் சிதறாது. அதனால் வீடு வீடாகப் போகும் வேலை அவருக்கே வந்தது. அங்கிருந்து திரும்பி வரும்போது சட்டையில் லேசான சாம்பல் நிறம் மட்டும் இருக்கும். தட்டினால் போய்விடும்.

அவருக்கு மூச்சு வாங்குவதை நான் முதலில் கவனித்தது லாபிஸில், என் அண்ணன் மகள் கல்யாணத்தில். ரயில் நிலையத்திலிருந்து மண்டபம் பக்கம்தான். நடுவில் நின்று நின்று வந்தார். நிற்கும்போதெல்லாம் போனை எடுத்துப் பார்த்தார். யாரோ செய்தி அனுப்புகிறார்கள் என்று நினைத்தேன். அடுத்த முறை நின்றபோது எட்டிப் பார்த்தேன். திரையில் ஒன்றும் இல்லை, கறுப்பாக இருந்தது. மண்டபத்தில் என் சொந்தக்காரர்கள் சிகரெட்டைக் குறைக்கச் சொல்லி அவருக்குப் புத்தி சொன்னார்கள். அவர் சிகரெட் தொட்டதே இல்லை.

மாசாய் கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தார்கள். இரண்டு பக்கமும் மேலே சின்னச் சின்னப் புள்ளிகள். டாக்டர் மலாயில் என்ன வேலை என்று கேட்டார். கெடாய் மார்மார் என்றார் இவர். மார்பிள் கடை. சளியில் கிருமி தெரியவில்லை, ஆனாலும் சில பேருக்குத் தெரியாமல் இருக்கும், டீபி மாதிரிதான் இருக்கிறது, ஆறு மாத மாத்திரையை ஆரம்பிப்போம் என்றார்கள்.

டீபி என்று கேட்டுச் சந்தோஷப்படுகிறவர்கள் உண்டா என்று தெரியாது. நாங்கள் சந்தோஷப்பட்டோம். அதற்கு முந்தின வாரம் முழுக்க நாங்கள் இரண்டு பேரும் வேறு ஒரு வியாதியின் பெயரை மனதில் வைத்துக்கொண்டு அதைச் சொல்லாமல் இருந்தோம். டீபிக்கு மருந்து இருக்கிறது. அந்த மருந்துக்கு ஒரு முடிவு நாள் இருக்கிறது. சொந்தக்காரர்களிடம் மறைத்தோம், அவருக்குத் தனித் தட்டும் தனிக் கிளாசும் எடுத்து வைத்தேன், ஆனால் உள்ளுக்குள் இரண்டு பேருக்கும் நிம்மதி.

தினமும் காலையில் கிளினிக்குக்குப் போய் நர்ஸ் மிஸிக்கு முன்னால் மாத்திரையை விழுங்க வேண்டும். அப்படித்தான் டீபிக்கு மாத்திரை கொடுப்பார்கள், வீட்டுக்குத் தரமாட்டார்கள். அவர் ஒரு நாளும் தவறவில்லை. அந்த மருந்தால் சிறுநீர் சிவப்பாகப் போகும். மருந்து வேலை செய்யுது என்று கழிவறையிலிருந்து எனக்குக் கேட்கும்படி சொல்வார். கடையில் அவரோடு கிரானைட் வெட்டும் நண்பர் ஒருவர் வாரா வாரம் வந்து பார்ப்பார். அவருக்கு மட்டும் விஷயம் தெரியும். அண்ணே தெனமும் காலையில சட்டை போட்டுக்கிட்டு மிஸியப் பாக்கப் போறாரு, கவனமா இருங்க அண்ணி என்று என்னிடம் சொல்வார். என் கணவர் சிரிக்கப் போய் இருமுவார்.

நான்காவது மாதம் வந்தபோது அவர் சட்டையின் தோள் கையில் இறங்கித் தொங்கியது. மாத்திரையால் வாந்தி. சோறு வடிக்கிற வாசனையே பிடிக்கவில்லை. மாடிப்படி ஏறுவதை விட்டு, கீழே ஹாலில் படுத்துக்கொண்டார். மறுபடி எடுத்த எக்ஸ்ரேயில் புள்ளிகள் குறையவில்லை, கூடியிருந்தன. ஜொகூர் பாருவில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

அங்கே நெஞ்சு டாக்டர் ஒரு தமிழ்ப் பெண். எங்களைவிட வயது குறைவு. கணினியில் படத்தைப் பார்த்தபடி நிதானமாகப் பேசினார்.

"அண்ணே, நீங்க வெட்டுனது மார்பிளா, கிரானைட்டா?"

"மார்பிள் டாக்டர். மார்பிள் கடை."

டாக்டர் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எங்களுக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். மார்பிள் அடிப்படையில் சுண்ணாம்பு. அந்தத் தூசி இருமலைக் கொடுக்கும், ஆனால் நுரையீரலை இப்படிச் செய்யாது. கிரானைட் வேறு. அதற்குள் கண்ணாடி மாதிரி ஒரு பொருள் இருக்கிறது. அது தூளாகி உள்ளே போனால் கரையாது, வெளியே வராது. நுரையீரல் அதைச் சுற்றி இறுகும். தூசியை விட்டுவிட்டு வந்த பிறகும் இறுகிக்கொண்டே போகும்.

"அதுக்கு என்ன மருந்து டாக்டர்?" என்று கேட்டார்.

"குணமாக்குற மருந்து இல்லண்ணே."

பிறகு அவர் நான் மார்பிள்தான் வெட்டினேன் என்று மறுபடியும் சொன்னார். முதல் தடவை சொன்னபோது அவர் பொய் சொல்லவில்லை. கடையின் பெயரைச் சொன்னார், அவருக்குத் தெரிந்த தூசியைச் சொன்னார். இரண்டாவது தடவை அப்படி இல்லை. இத்தனை வருடம் கூட வாழ்ந்தவளுக்கு அது தெரியாமல் போகாது.

அப்படியானால் வேறு காரணம் தேட வேண்டும், குழாய் விட்டு நுரையீரலில் ஒரு துண்டு எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். அடுத்த வாரம் வரச் சொன்னார். முடிந்தால் வெட்டிய கல்லில் ஒரு சில்லைக் கொண்டு வாருங்கள், அதுவரை மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்றார்.

அந்த ஒரு வாரம் நான் கல்லைப் பற்றிப் படித்தேன். நான் படித்தது ஐந்தாம் படிவம் வரை. மூன்றாம் படிவப் புவியியலில் பாறை மூன்று வகை என்று மலாயில் மனப்பாடம் செய்தது ஞாபகம் இருந்தது. இக்னியஸ், எனாப்பான், மெட்டமோர்ஃப். பரீட்சை முடிந்ததும் மறந்துவிட்ட விஷயம். வேலைக்குப் போகும் வேனில் உட்கார்ந்து போனில் தேடித் தேடிப் படித்தேன். தொழிற்சாலையில் பிளாஸ்டிக் கரண்டிகளை அடுக்கிக்கொண்டே அதையே நினைத்தேன்.

மார்பிள் முதலில் மார்பிளாக இருந்ததில்லை. கடலில் வாழ்ந்த கிளிஞ்சல்களும் பவளங்களும் செத்து அடியில் படிந்து, ஒன்றின்மேல் ஒன்று அழுந்திச் சுண்ணாம்புப் பாறையாகின்றன. அது படிவுப் பாறை. அந்தப் பாறை இன்னும் ஆழத்துக்குப் போய், சூட்டிலும் அழுத்தத்திலும் கிடந்து, உருகாமலேயே வேறு கல்லாக மாறுகிறது. அதனால்தான் உருமாறிய பாறை என்று அதைத் தனி வகையில் வைத்திருக்கிறார்கள். எலுமிச்சைச் சாறு அதை அரிப்பதும் அதற்குள் இருக்கும் சுண்ணாம்பால்தான்.

கிரானைட்டில் உயிர் எதுவும் இருந்ததில்லை. பூமிக்கு அடியில் உருகிக் கிடந்த குழம்பு அது. மேலே வந்து வெடித்துக் கொட்டியிருந்தால் சீக்கிரம் ஆறிப் பொடிப் பொடி மணிகள் கொண்ட கல்லாகியிருக்கும். வெளியே வர முடியாமல் அடியிலேயே நின்று, கணக்கில்லாத காலம் மெதுவாக ஆறியதால் அதன் மணிகள் கண்ணுக்குத் தெரியும்படி பெரிதாக வளர்ந்துவிட்டன. அதைத் தீப்பாறை என்கிறார்கள். பால் நிறத்தில் ஒரு மணி, கறுப்பாக மின்னும் ஒரு மணி, இரண்டுக்கும் நடுவே கண்ணாடிபோல ஒரு மணி. அந்தக் கண்ணாடி மணிக்குக் குவார்ட்ஸ் என்று பெயர். டாக்டர் சொன்னது அதைத்தான்.

ஒரு மத்தியானம் சமையல் மேடையில் கிரானைட் பக்கத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். மூன்று மணிகளும் இருந்தன. கண்ணாடி மணியைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது, அதற்கென்று நிறம் இல்லை. அதன்மேல்தான் இத்தனை வருடமாகத் தேங்காய் உடைத்து வைத்தேன், மீன் கழுவினேன். முழுதாகக் கிடக்கும்போது அது யாரையும் ஒன்றும் செய்வதில்லை என்று போட்டிருந்தது. அறுக்கும்போதுதான்.

அவர் தவறாகச் சொல்லவில்லை என்று எனக்கு நானே நிரூபிக்கவும் பார்த்தேன். வெள்ளைக் கல்லில் எத்தனை காலம் இருந்தார் என்று யோசித்தேன். எப்படி நீட்டிப் பார்த்தாலும் இரண்டு வருடத்துக்கு மேல் வரவில்லை. மற்றதெல்லாம் கிரானைட். மூடிய சமையலறைகள்.

கடை நண்பரிடம் போனில் சொல்லி ஒரு சில்லு கொண்டுவரச் சொன்னார் என் கணவர். நண்பர் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்த கல்லை மேசையில் வைத்தார். வெள்ளை மார்பிள்.

"என்னண்ணே, வெள்ளைக் கல்லக் கேட்டீங்க? நீங்க அத விட்டு எத்தன வருஷம் ஆச்சு. நம்ம கல்லத்தானே காட்டணும்?"

"டாக்டரு இதத்தான் கேட்டாங்க."

"அதுவும் சரிதான். கிரானைட்ல என்ன தூசி இருக்கு லா."

நண்பர் டீ குடித்துவிட்டுக் கிளம்பினார். நான் வாசல்வரை போனேன். எனக்கு இப்படியெல்லாம் பேசிப் பழக்கம் இல்லை. ஆனாலும், கிரானைட் வெட்டும்போது மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள் தம்பி, அந்தத் தூசிதான் ரொம்பக் கெட்டதாம், டாக்டர் சொன்னார் என்றேன்.

அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சிரித்தார். "நான் குளிச்சு ரொம்ப நாளாச்சு அண்ணி."

அன்று சாயங்காலம் என் கணவரிடம் பேசினேன். மூச்சு இப்படி இருக்கிற நிலையில் குழாய் விடுவது தேவையா என்று கேட்டேன். அவர் கல்லைச் செய்தித்தாளில் மறுபடி சுற்றிக்கொண்டிருந்தார்.

"விட்டுப் பாக்கட்டும். வேற ஏதாச்சும் இருக்கும்."

"வேற என்னங்க இருக்கும்?"

"என்னவோ. கேன்சருக்குக்கூட மருந்து இருக்கு."

டீபி என்று கேட்டுச் சந்தோஷப்பட்டவர்கள் அடுத்து இதை வேண்டிக்கொள்ளும் இடத்துக்கு வந்திருந்தோம். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. நானும் உள்ளே அதையே வேண்டிக்கொண்டேன், கொஞ்ச நேரம்.

அடுத்த வாரம் டாக்டரின் மேசையில் பொட்டலத்தைப் பிரித்து வைத்தார். டாக்டர் கல்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது மார்பிள்தான் என்றார். பிறகு குழாய் விடுவதைப் பற்றிச் சொன்னார். மயக்க மருந்து கொடுப்பார்கள். மூச்சு இவ்வளவு குறைவாக இருப்பதால் ஆபத்து உண்டு, நுரையீரல் சுருங்கிவிடலாம், பிறகு இயந்திரத்தில் வைக்க வேண்டி வரலாம். இவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். டாக்டர் சொல்லி முடிப்பதற்கு முன்பே ஆட்டினார். பஸ் போய்விடுமோ என்று அவசரப்படுகிறவர்போல இருந்தார்.

தொழிற்சாலையில் சூப்பர்வைசர் கேட்டால் மட்டும் பதில் சொல்கிறவள் நான். டாக்டர்களிடம் இதுவரை நானாக எதுவும் சொன்னதில்லை. அன்று வாயைத் திறந்தபோது, எதிரில் இருப்பவர் தமிழ்தான் என்று தெரிந்தும், மலாய்தான் வந்தது. புக்கான் மார்மார், டாக்டர் என்றேன். மார்பிள் இல்லை.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "சொல்லுங்கக்கா."

"மார்பிள் மொத ரெண்டு வருஷந்தான். அப்புறம் எல்லாம் கிரானைட்டு. வீடு வீடாப் போயி, கதவச் சாத்திக்கிட்டு, தண்ணி இல்லாம வெட்டுவாரு. மாஸ்க் போட மாட்டாரு."

டாக்டர் கல்லைக் கீழே வைத்துவிட்டு, அப்படியாண்ணே என்று அவரைக் கேட்டார். அவர் என்னைப் பார்க்கவில்லை. கல்லையே பார்த்தார்.

"கிரானைட் சுத்தமான கல்லு டாக்டர்," என்றார்.

டாக்டர் நிறையப் பேசினார், இதமாகத்தான் பேசினார். குழாய் வேண்டாம். டீபி மாத்திரை வேண்டாம், அது ஈரலைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது, மாசாய் கிளினிக்குக்கு இன்றே சொல்லிவிடுகிறேன். வீட்டில் வைத்துக்கொள்ள ஆக்சிஜன் இயந்திரம் தேவைப்படும். இனிமேல் கல் வேலைக்குப் போகக்கூடாது. காய்ச்சல் வந்தால் உடனே வர வேண்டும். மற்றதெல்லாம் என் காதில் விழுந்தது, மனதில் நிற்கவில்லை. எழுந்து வரும்போது மார்பிள் சில்லை அவர் மேசையிலேயே விட்டுவிட்டு வந்தார்.

வீட்டுக்கு வந்து சேரும்வரை அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். கஞ்சி கொடுத்தேன், குடித்தார். டீவியைப் போட்டுச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் அவர் வழக்கம்போல எழுந்து, குளித்து, சட்டை போட்டு, மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்தார். மாத்திரையை நிறுத்திவிட்டார்களே என்றேன். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து இங்கே சொல்லி அனுப்ப நாளாகும், அதுவரை கொடுப்பார்கள் என்றார். தொழிற்சாலை வேன் வாசலில் வந்து நின்று ஹார்ன் அடித்தது. நான் வரவில்லை என்று கைகாட்டி அனுப்பிவிட்டு கேட்டருகில் நின்றேன்.

அவர் சீக்கிரமே திரும்பி வந்துவிட்டார். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். இறங்குவதற்கு மூச்சு சேர வேண்டும்.

"மிஸி என்ன சொன்னாங்க?"

"பேரு இல்லன்னாங்க."

நான் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டேன். அவர் காலைத் தூக்கிப் போட இரண்டு முறை முயன்று, விட்டுவிட்டு, என் கையைப் பிடித்தார். எதிர்வீட்டுக்காரர் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துத் தலையசைத்தார், நானும் தலையசைத்தேன்.

"நீ சொல்லாம இருந்திருந்தா, இன்னும் ரெண்டு மாசம் மாத்திரை இருந்துச்சு," என்றார். குரலில் கோபம் இல்லை. இருக்கிற விஷயத்தைச் சொல்வதுபோலச் சொன்னார்.

"ஆமாங்க," என்றேன்.

அவருக்கு மூச்சு சேரும்வரை இரண்டு பேரும் அங்கேயே, வெயிலில் இருந்தோம்.